ஒலிநாடாவில் ஓடும் கால்கள்

மகனே, இதை வாசிக்கிற உன்னை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த நீ இப்போது அடுத்த அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு செருப்பைப் பேருந்தாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய். உனக்கு நாலு வயது. நான் எழுதிக்கொண்டிருப்பதோ வளர்ந்த ஓர் ஆணுக்கு. அவனுக்குத் தாடி இருக்கலாம். அவன் என்னைவிட உயரமாக இருப்பான். அவன் குரலை நான் இன்னும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இங்கே பிறந்து garderie என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சு பேசி வளரும் நீ இதைத் தமிழில் நீயாகவே வாசிக்கிறாயா, யாராவது வாசித்துக் காட்டுகிறார்களா என்பதும் தெரியாது. பிறரும் வாசிக்கக்கூடிய கடிதம் என்பதால் உன் பெயரை எழுதவில்லை. உனக்கு உன் பெயர் தெரியும்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் லவாலுக்குக் குடிபோகிறோம். மெட்ரோ இப்போது ஆற்றைத் தாண்டி அங்கேயும் போகிறது. புதுவீட்டுக்கு வெளிப்படிகள் கிடையாது. கதவைத் திறந்தால் புல். அப்பாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி. நகரத்தின் வில்லரேப் பகுதியில் உள்ள இந்த வீட்டில், மேல்மாடியில் இருந்து தெருவுக்கு இறங்கும் படிகள் வீட்டுக்கு வெளியே, வெயிலிலும் பனியிலும் தொங்குகின்றன. இரும்புச் சட்டம், மரப் பலகைப் படிகள், நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் நடந்ததை நீ நினைவில் வைத்திருக்க முடியாது. அந்தப் படிகளை விட்டுப் போவதற்கு முன் எழுதிவிடவேண்டும் என்று தோன்றியது.

நீ பிறந்து சில வாரங்களில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அது போகும்போது என் இடது காதின் கேட்கும் சக்தியையும், அந்தக் காதுக்குள் இருக்கிற சமநிலைக் கருவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் நாட்களில் சுவர்கள் சுழன்றன. பிறகு சுழற்சி நின்றது. தரை மட்டும் நம்பிக்கையற்றதாக மாறியது. தலையைத் திருப்பினால் உலகம் ஒரு கணம் பிந்தி வந்து சேர்ந்தது. கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து மருத்துவமனையில் ஓர் இளம் டொக்டர் படம் வரைந்து விளக்கினார். ஒரு மனிதரை நிமிர்ந்து நிற்கவைப்பவை மூன்று: கண், உட்காது, பாதம். ஒரு பக்கத்து உட்காது இனித் திரும்பாது. மற்ற இரண்டும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்யக் கற்கவேண்டும்.

ஒற்றைக் காதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாமே வலப்பக்கத்தில் நடக்கிறது. நீ அழுவாய், நான் குளியலறைக்கு ஓடுவேன். அங்கே நீ இல்லை. அழுகை கேட்டுக்கொண்டே இருக்கும். சமையலறைக்கு வருவேன், அங்கேயும் இல்லை. மூன்று அறை வீட்டுக்குள் என் பிள்ளையை நான் தேடி அலைந்தேன். கடைசியில் தொட்டிலுக்கு வந்து, உன் வாய் அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த அழுகை உன்னுடையதாகும். அதுவரை அது வீட்டுக்குள் அலையும் யாரோ ஒரு குழந்தையின் அழுகை.

ஒரு மத்தியானம் உன்னைக் குளிப்பாட்டித் தூக்கியபோது தரை சரிந்தது. நீ என் கையிலிருந்து வழுகினாய். அப்பா பக்கத்தில் நின்றபடியால் பிடித்துக்கொண்டார். பாண் பேக்கரியில் இரவு வேலை செய்துவிட்டு வந்து தூக்கமில்லாமல் நின்ற மனிதர், துவாயால் உன்னைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் கதிரையில் இருந்தார். அன்று மாலை டொரொன்டோவில் இருக்கும் தன் அக்காவுக்கு, உன் மாமிக்கு, தொலைபேசி எடுத்தார். மாமிக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு பெரிது, மனமும் பெரிது.

"பிள்ளையை என்னட்டை விடுங்கோ மச்சாள். நான் என்ன கடிச்சே தின்னப்போறன்? ரெண்டு வருசம்தானே, பேந்து நடந்து வருவான் உங்களிட்டை" என்று மாமி என்னிடம் சொன்னார்.

அவர் சொன்னதில் பிழை பிடிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. வரும் பனிக்காலத்துக்குள் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தனியாகப் படி இறங்கக்கூடியவளாக வேண்டும். இல்லாவிட்டால் நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்த பிறகு மாமி வந்து உன்னைக் கூட்டிப்போவார். அப்படித்தான் முடிவாயிற்று.

சீனத்து மெதுத் தற்காப்புக் கலை, தாய்ச்சி, சமநிலைக்கு நல்லது என்று சொன்னவர் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண். அவரிடம் முறை வர மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது; காத்திருக்கும் நேரத்தில் இதையாவது செய் என்பதுபோலத்தான் சொன்னார். நான் அதைக் கீழ்வீட்டு மேய் என்ற பெண்ணிடம் சொன்னேன். மேய்க்கு அப்போது முப்பது வயதிருக்கும், கிட்டத்தட்ட என் வயது. வியட்நாமில் இருந்து வந்த சீனக் குடும்பம். Garderie ஒன்றில் வேலை. எங்களுக்குள் பிரெஞ்சுதான். அவளுடையது குழந்தையில் இருந்து பேசியது, என்னுடையது மாலை வகுப்பில் பொறுக்கியது. அவள் சிரித்தாள். "நான் ஒவ்வொரு காலையும் எங்கே போகிறேன் என்று நினைத்தாய்?" என்று கேட்டாள்.

ஏப்ரல் மாதம், பனி கரைந்த புல்லில் இருந்து மூடுபனி எழும்பிக்கொண்டிருந்த பூங்கா. தூரத்தில் இருந்து பார்த்தபோது எனக்குத் திரும்பிப் போய்விடத் தோன்றியது. தையல் தொழிற்சாலைப் பெண்கள், சமையற்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள் என ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து, வாய் திறவாமல், மிக மெதுவாக யாரையோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ அங்கே இல்லை. ஆனால் அத்தனை கைகளும் அவரைச் சுற்றிக்கொண்டு போன விதத்தில், அவருடைய தோள் எங்கே, நெஞ்சு எங்கே, முழங்கை எங்கே என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாயோடு வந்த ஒருவர் பாதையை மாற்றிக்கொண்டு போனார். நாய் மட்டும் நின்று பார்த்தது.

அவர்களுக்கு ஆசிரியர் இல்லை. உட்காரும் வாங்கில் ஒரு பழைய கசெட் பிளேயர் இருந்தது, குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டு. அதிலிருந்து ஓர் ஆணின் குரல் கன்டோனிஸ் மொழியில் ஒவ்வோர் அசைவின் பெயரையும் சொன்னது. அந்தக் குரல் மேய்யின் தகப்பனுடையது. அவர்தான் இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவர். வேலை நேரம் மாறி வரமுடியாமல் போன ஒரு பனிக்காலத்தில், தான் இல்லாமலும் மற்றவர்கள் பழகவேண்டும் என்று வீட்டில் இருந்து பதிவு செய்தாராம். மேய் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அவரோடு பழகியவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. கசெட்டில் அவர் இன்னும் முப்பத்து சொச்சத்தில் நிற்கிறார். தங்களைவிட இளையவனான ஓர் இறந்த மனிதன் சொல்லச்சொல்ல அவர்கள் கை தூக்கினார்கள், கால் வைத்தார்கள்.

நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றுவிடும். 'மேகக் கைகள்' என்ற பகுதி, உள்ளங்கைகள் முகத்துக்கு முன்னால் மேகம்போலக் கடந்து போகும், அது முடிகிற இடம். எல்லோரும் அப்படியே உறைவார்கள்: முழுக் கனமும் வலது காலில், இடது குதிகால் மட்டும் முன்னால் தரையைத் தொட்டபடி. நாடா சுழலும் இரைச்சல். அதற்குள், உற்றுக் கேட்டால், கால்கள். சின்னக் கால்கள், வெறும் பலகைத் தரையில், தப்தப்பென்று ஓடிவந்து நிற்கும். பிறகு அந்த மனிதர், அதுவரை இல்லாத ஒரு தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று சொல்வார். அந்தச் சொல் கேட்டதும் வரிசை முழுவதும் அசையும். இந்த வித்தையின் உச்சமே அந்த நிற்றல்தான் என்று நான் முடிவுகட்டினேன். அந்தச் சொல்லை ஓர் அசைவின் பெயர் என்று நினைத்து, பொருள் தெரியாமலே பாடமாக்கினேன்.

நூலகத்தில் இருந்து புத்தகங்கள் எடுத்து வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், எதையும் வாசிக்காமல் நம்புவது எனக்கு வராது. இது கிராமமொன்றில் ஒரு குடும்பம் தனக்குள் மறைத்துவைத்திருந்த சண்டைக் கலை என்றும், வேலைக்கு வந்த ஒருவன் சுவர் மறைவில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டு வெளியே கொண்டுவந்தான் என்றும் ஒரு கதை. பாம்பும் நாரையும் போரிட்டதைக் கண்ட துறவியிடம் இருந்து பிறந்தது என்று இன்னொரு கதை. பின்னால் அரசாங்கம் நீண்ட முறையைச் சுருக்கி, தொழிலாளர்களும் நோயாளிகளும் பூங்காக்களில் செய்யும்படி ஆக்கியது. ஆனால் அடி மட்டும் உள்ளேயே இருக்கிறது. மேகக் கைகள் என்பது முகத்துக்கு வரும் குத்தைத் தட்டிவிடுவது. மெதுவாக்கியதால் அது மருந்தாயிற்று.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்கட ஆள் காஞ்சிபுரத்திலை இருந்து போய்ச் சைனாக்காரருக்குப் படிப்பிச்சதுதானே. நீர் இப்ப காசில்லாமல் திருப்பி எடுக்கிறீர்" என்றார்.

அந்தக் காஞ்சிபுரத்துப் புத்தத் துறவியின் கதை அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தித்தான் சண்டைக் கலையோடு சேர்க்கப்பட்டது என்று சொன்னேன். "புத்தகம் எழுதினவன் சைனாக்காரனாயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அந்த வருடத்தில் அவர் பகிடி விட்டது அபூர்வம், அதனால் நினைவிருக்கிறது.

அந்தக் கோடை முழுவதும், அப்பா வேலையால் வந்து உன்னைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் நான் பூங்காவில் நின்றேன். முதலில் மேய்யின் தோளைப் பிடித்துக்கொண்டு. தொடைகள் எரிந்தன. பிறகு எரிவு கால்களின் வலுவாக மாறியது. நான் கற்றது உண்மையில் ஒரே ஒரு விஷயம்: ஒரு கால் நிறைந்திருக்க, மற்றக் கால் வெறுமையாக இருக்கவேண்டும். வெறுங்காலை முதலில் வைக்கிறோம், கனத்தைக் கொடுப்பதில்லை. தரை எப்படிப்பட்டது என்று பாதம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தண்ணீர் ஊற்றுவதுபோல உடம்பை அதற்குள் ஊற்றுகிறோம். மூச்சு கீழே, வயிற்றுக்கு இறங்குகிறது. ஆவணியில் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். இலை உதிரும் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். படியில் மட்டும், உன்னோடு, இறங்கவில்லை. அப்பா விடவில்லை. என் உள்ளேயும் யாரோ விடவில்லை.

மேய் எனக்கு ஒரு கசெட் பிரதி எடுத்துத் தந்திருந்தாள். குளிர் தொடங்கியதும் வீட்டிலேயே போட்டுப் பழகினேன். அப்போதுதான் அந்தக் கால்கள் தொந்தரவு செய்யத் தொடங்கின. பூங்காவில் அவை கசெட்டுக்குள் இருந்தன. வீட்டில், என் ஒற்றைக் காதுக்கு, அவை வீட்டில் இருந்தன. நீ தூங்கிக்கொண்டிருப்பாய்; எனக்குத் தெரியும். ஆனாலும் கால்கள் ஓடிவரும். பின்னாலா, வீட்டு நடையிலா, உன் அறையில் இருந்தா என்று தெரியாது. ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் நிற்கும். வெறும் காற்றில் கையை வைத்துக்கொண்டு, இடது குதிகால் தரையைத் தொட, நான் அசையாமல் காத்திருப்பேன். அந்தத் தாழ்ந்த குரல் வந்து அதை அனுப்பிவைக்கும்வரை எனக்கு மூச்சு வராது. சில நாட்களில் கசெட் போடாத நேரத்திலும் கேட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மாமி நத்தாருக்கு முன்பே வந்துவிடுவார் என்று பயம்.

மார்கழியில் ஒரு காலை உறைமழை பெய்தது. விழும்போது மழை, பட்டதும் கண்ணாடி. மின்கம்பி, மரக்கிளை, எங்கள் படிகள் எல்லாவற்றுக்கும் கண்ணாடி உறை. அப்பா வேலை முடிந்தும் பேருந்து ஓடாமல் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். கீழே நிலவறை வீட்டில் இருந்த மாணவன் ஹீட்டருக்கு மேல் திரைச்சீலை விழுந்ததைக் கவனிக்காமல் கல்லூரிக்குப் போய்விட்டான் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அபாய மணி ஒலித்தது, பின்கதவைத் திறந்தபோது புகை ஏறி வந்தது, முன்படி ஒன்றுதான் மிச்சம் என்பதுதான். உன்னைப் போர்வையில் சுற்றி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு பல்கனிக்கு வந்தேன். உனக்கு அப்போது ஒரு வயது கடந்திருந்தது. கனமாக இருந்தாய், அமைதியாக இருந்தாய்.

வலது கையால் கம்பியைப் பிடித்தேன். கம்பியும் கண்ணாடி. வெறுங்கால், பிறகு கனம். வெறுங்கால், பிறகு கனம். நான் இறங்குகிறேன் என்ற எண்ணமே இல்லை. பாதங்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு போயின. திருப்பத்துக்கு வந்தபோது கீழிருந்து யாரோ படியேறி ஓடிவந்தார்கள். சின்னக் கால்கள், பலகையில், தப்தப்பென்று. இந்த வழுக்கலில் ஒரு பிள்ளை ஓடிவருகிறதே என்று எனக்கு வேர்த்தது. வழிவிட நின்றேன். கனம் முழுவதும் வலது காலில், இடது குதிகால் மட்டும் அடுத்த பலகையைத் தொட்டபடி. பிள்ளை வரவில்லை. கால்களின் ஓசை நின்றது, மிக அருகில், பலகை மட்டத்தில். எத்தனை நேரம் நின்றேன் தெரியாது. அசைவதற்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. சொல்வதற்கு யாரும் இல்லாததால் நானே அதை வாய்விட்டுச் சொன்னேன்.

சொன்னதும் இடது குதிகாலுக்குக் கீழே இருந்த பலகை ஒரு பக்கம் சரிந்தது. பனிக்கு அடியில் ஆணி துருப்பிடித்து உக்கிப்போயிருந்திருக்கிறது. அது சட்டத்தில் இருந்து கழன்று, இரும்பில் இரண்டு தரம் அடிபட்டு, நடைபாதையில் போய் விழுந்தது. நான் கனம் கொடுத்திருந்தால் நாங்கள் இருவரும் அதோடு போயிருப்போம். அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த பலகையில் வெறுங்காலை வைத்தேன். பிறகு கனம்.

கீழே மேய் நின்றுகொண்டிருந்தாள், இரவு உடுப்போடு, ஒரு கையில் உப்பு வாளி. தீயணைப்பு வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அதைச் சொன்னாய்?" என்று கேட்டாள்.

மேகக் கைகளுக்குப் பிறகு வருகிற அசைவின் பெயர்தானே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அந்த இடத்தில் அசைவே கிடையாது என்றாள். நிற்றலும் கிடையாது. இதே முறையைச் செய்கிற வேறு எந்தக் கூட்டமும் அங்கே நிற்பதில்லை. சைனா டவுன்காரர்கள் இவர்களைப் பார்த்து, வில்லரேக்காரர் நடுவில் நித்திரை கொள்கிறவர்கள் என்று கேலி செய்வார்களாம். அவளுடைய தகப்பன் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆறு வயது மேய் கட்டிலால் இறங்கி அறைக்குள் ஓடிவந்திருக்கிறாள். அவர் சொல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்திருக்கிறார். பிறகு சொல்லியிருக்கிறார்: காலுறை போடு, தரை குளிர்கிறது. அவ்வளவுதான். இன்னொரு நாடா வாங்கி மறுபடி பதிய நேரம் இருக்கவில்லை. அதைக் கேட்டுப் பழகியவர்கள் அவர் நின்ற இடத்தில் நின்றார்கள். அவர் போன பிறகு, பொருள் தெரிந்திருந்தும், அந்த இடத்தை வெட்டிவிட யாருக்கும் மனம் வரவில்லை.

"அது என்னுடைய கால்" என்றாள் மேய். "ஒவ்வொரு காலையும் நான் ஓடிவருவதை நானே கேட்கிறேன்."

இப்போது படியில் யாராவது பிள்ளை ஏறி வந்ததா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள். பிறகு அவள் கண் கீழே போனது. நானும் பார்த்தேன். போர்வைக்கு வெளியே உன் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. காலுறை எங்கோ கழன்று விழுந்திருந்தது. அந்தச் சின்னப் பாதத்தில் உறைமழை விழுந்துகொண்டிருந்தது. மேய் உப்பு வாளியை வைத்துவிட்டு, உன் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். தீ பெரிதாகவில்லை, ஆட்கள் வந்து அணைத்தார்கள் என்பதெல்லாம் அதன் பிறகு.

அப்பா மத்தியானம் நடந்தே வந்து சேர்ந்தார். படியில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். நடைபாதையில் கிடந்த பலகையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீர் எப்படி இறங்கினீர் என்று கேட்டார். நான் செய்து காட்டினேன், நடைபாதையிலேயே, உன்னை வைத்துக்கொண்டு. கால்களைப் பற்றிச் சொல்லவில்லை. அதை முதல்முதலாக இங்கேதான், உனக்குச் சொல்கிறேன். அன்று அவர் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்ற முன்பே தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, பிள்ளை இஞ்சையே நிக்கட்டும்" என்றார். மறுபக்கம் மாமி நிறையக் கதைத்தார். "ஓம். ஓம் அக்கா. அவ இறங்குவா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது என்ன என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒரு காது போன மூளை, தினமும் கேட்ட ஓசையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று வாசித்திருக்கிறேன். அது சரியாக இருக்கலாம். பயிற்சியில் ஊறிய உடம்பு, பலகையின் நடுக்கத்தை எனக்கு முன் அறிந்து, எனக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருக்கலாம். எனக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. உனக்குச் சொல்ல இரண்டு விஷயம்தான் வைத்திருக்கிறேன். எதன்மீதும், யார்மீதும், உன் கனம் முழுவதையும் முதல் அடியிலேயே கொடுத்துவிடாதே, பாதம் கேட்கட்டும். அடுத்தது, எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார். அப்படி ஒருவர் திரும்பிப் பார்த்த இடத்தில்தான் நாங்கள் தப்பி நிற்கிறோம்.

மேய் நேற்று வந்து அந்தக் கசெட்டின் இன்னொரு பிரதியை உன் பெயர் எழுதித் தந்துவிட்டுப் போனாள். நீ வளர்ந்த காலத்தில் அதைப் போட்டுக் கேட்க ஓர் இயந்திரம் இருக்குமோ தெரியாது. இருந்தால், மேகக் கைகள் முடிகிற இடத்தில் நீயும் நில். இன்னும் எழுத இருக்கிறது, மாமியைப் பற்றி, லவால் வீட்டைப் பற்றி. ஆனால் இப்போது கால்கள் ஓடிவருகின்றன. எந்தப் பக்கத்தில் இருந்து என்று எனக்குத் தெரியவில்லை, வழக்கம்போல. கம்பளங்களை எல்லாம் காலையிலேயே சுருட்டிக் கட்டியாயிற்று, பலகைத் தரை வெறுமையாகக் கிடக்கிறது. பேனையை வைக்கிறேன். திரும்பிப் பார்க்கிறேன். கதவடியில் நீ நிற்கிறாய், செருப்புப் பேருந்தைப் பிடித்தபடி, வெறுங்காலோடு.

சொக்ஸைப் போடு அப்பன். நிலம் குளிருது.